கங்காணிக்கு வெயில் காட்டிய கதை

எனக்குத் தெரியாத விஷயங்களைப் பட்டியல் போட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. அந்தப் பட்டியலில் முதலிடம் “தெரியாது” என்று சொல்வதற்கு. அந்த ஒரு வார்த்தை சமயத்தில் வாயில் வராததால், இருபத்து மூன்று வயதில் ஒரு தேயிலை ஃபேக்டரியையே ஒரு பகல் முழுக்க நிறுத்திவைத்த பெருமை எனக்கு உண்டு. இதைப் பெருமை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் காலுக்குக் கீழே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

பழியை முழுக்க என்மேல் போட முடியாது. (போடலாம்தான். ஆனால் எழுதுகிறவன் நான்.) சிலோனிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. இறங்கிய நாளிலிருந்து வரிசை, வரிசை, வரிசை. ஒரு மேசையில் “சொந்த ஊர் எது?” என்று கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்றவர் உள்ளதை உள்ளபடி “தெரியாதுங்க ஐயா” என்றார். பிறந்தது கண்டிப் பக்கத் தோட்டத்தில், தாத்தா எந்த ஊரிலிருந்து போனாரோ அவருக்கு எப்படித் தெரியும்? அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். மத்தியானம் வரை நின்றார். அடுத்தது நாங்கள். அப்பாவுக்கும் ஊர் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு “தெரியும்” என்று ஒரு ஊரைச் சொன்னார். பத்தே நிமிஷத்தில் முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் என் வாய் முதலில் “தெரியும்” என்றுதான் சொல்லும். மூளை பிறகு மெதுவாக வந்து சேரும்.

அப்பா அந்த வரிசைகளில் வேறொரு பாடம் படித்தார். எங்கள் குடும்ப அட்டை கப்பலில் நனைந்துவிட்டது. அம்மா அதை எங்களைத் தங்கவைத்த முகாமில் வெயிலில் காயவைத்தாள். தாள் காய்ந்தது, மையும் வெளுத்துப்போனது. இன்னொரு அட்டை வருவதற்குள் ஒரு மாசம் கூடுதலாக அங்கே கிடந்தோம். அதற்குப் பிறகு எழுத்து உள்ள எந்தத் தாள் வீட்டுக்குள் வந்தாலும் அப்பா உட்கார்ந்து நகல் எடுத்துவிடுவார். மருந்துச் சீட்டு, பஸ் நேரம் எழுதிய துண்டு, எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. அடியில் “அசலைப் பார்த்து எழுதிய உண்மை நகல்” என்று போட்டுக் கையெழுத்தும் வைப்பார். அப்பா சிலோனில் இருந்தபோது தேயிலைப் பெட்டிகளின்மேல் தகட்டு அச்சை வைத்து எழுத்துக் குத்துகிற வேலை பார்த்தவர். இங்கிலீஷ் பேச வராது, பெரிய எழுத்துகளும் எண்களும் மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

நாங்கள் வந்து சேர்ந்தது மஞ்சூர் போகிற பாதையில் ஒரு எஸ்டேட். அங்கே சித்தி இருந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே காம்பராவில் (தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அவர்கள் ஐந்து பேர், நாங்கள் தம்பியோடு நான்கு பேர். ஒருவர் திரும்பிப் படுத்தால் ஒன்பது பேரும் திரும்ப வேண்டும். அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது என்று நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் பதியவில்லை. தினக்கூலிக்குப் புல்வெட்டப் போனார். வயரிங் கற்றிருந்த என்னை மட்டும் ஃபேக்டரியில் தற்காலிக எலக்ட்ரீஷியனாகச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குப் பேர் பதிந்தால் எங்களுக்கென்று தனிக் காம்பரா கிடைக்கும். அம்மா அந்தக் காம்பராவில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஃபேக்டரிக்கு அந்தப் பெட்டி வந்தது.

எங்கள் மேனேஜர் புதுமை விரும்பி. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போனவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு சின்ன பீரோ அளவு இருக்கும். இலையை அரைக்கிற பல் ரோலர்களின் மூடி திறந்திருந்தால் ரோலரை ஓடவிடாது. காற்றாடி ஓடிப் புகை வெளியேறாமல் ட்ரையர் அடுப்பைப் பற்றவைக்க விடாது. எது முதலில், எது பிறகு, எது நடந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவது என்பதெல்லாம் முந்நூறு வரிப் புரோகிராமாக அதன் ஞாபகத்தில் இருந்தது. கரண்ட் போனாலும் (பக்கத்துக் குந்தாவில்தான் கரண்டே எடுக்கிறார்கள், ஆனாலும் எங்களுக்குப் போகும்) அந்த ஞாபகம் அழியாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பேட்டரி. எதற்கெடுத்தாலும் வேலையை நிறுத்தி முறைத்ததால் எங்கள் ஆட்கள் அதற்குக் “கங்காணி” என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கங்காணியைப் பூட்டிக்கொடுத்த இன்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர். பொறுமையான மனிதர். புறப்படும் நாளில் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ராசு, பேட்டரி பலம் கொறைஞ்சா இந்தச் செவப்பு லைட்டு எரியும். மாத்தறப்போ பவர் ஆன்லயே இருக்கோணும்.”

“தெரியும் சார்.”

“எப்படியாச்சும் ஞாபகம் போயிருச்சுன்னு வெச்சுக்க, இந்தா, இதுதான் மாஸ்டர் சிப்பு. மொத்த புரோகிராமும் இதுல இருக்குது. செருகி லோடு பட்டனை அமுக்குனா போதும். ஃபேக்டரியில வெக்காதே. தீ கீ புடிச்சா ரெண்டும் சேந்து போயிரும்.”

“தெரியும் சார்.”

“மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை மட்டும் எடுத்தராதே. ஏன்னா…”

“தெரியும் சார்.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “பரவால்லயே, படிச்சிருக்கியாட்ட இருக்குது” என்று தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அந்த “ஏன்னா”வுக்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும். அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சிப்பையும், புரோகிராமை அச்சடித்துக் கொடுத்த ஊதா மைத் தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எங்கள் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் தூங்குகிற பெட்டி அது, அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. சிப்பு கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்து ஒரு பூச்சி மாதிரி இருந்தது. “இதுக்குள்ளதான் ஸ்டோரோட மொத்தப் புத்தியும் இருக்கு” என்று நான் சொன்னதும் (ஃபேக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் பனிமூட்டமும். செருப்பில் பூஞ்சை, தலையணையில் பூஞ்சை, டிரங்குப் பெட்டிக்குள் பாஸ்போர்ட்டிலேயே எங்கள் முகங்களுக்குப் பச்சைத் தாடி. சிப்பின்மேல் இருந்த ஸ்டிக்கர் ஊறி, உரிந்து, தானாக விழுந்துவிட்டது. நான் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுக்காதே என்றுதான் சொன்னார், விழக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் என் மனசாட்சி சுத்தமாக இருந்தது. ஸ்டிக்கர் போன இடத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் தெரிந்தது. அதற்குள் என்னவோ தங்க நிறத்தில் மினுங்கியது. லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி வேறு கொடுத்தாள்.

தை பிறந்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், எட்டு மணிக்குமேல் சுள்ளென்று வெயில் ஏறும். நீலகிரியில் வெயில் வந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். கம்பளி, விறகு, ஊறுகாய் ஜாடி, குழந்தைகள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து போடுவார்கள். அம்மாவும் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

“தாளெல்லாம் பூத்துக் கெடக்கு. ஒரு பத்து நாளு காயட்டும்.”

அப்பா குறுக்கே நின்றார். “முகாமில பட்டது போதாதா? நகல் எடுக்காம ஒரு தாளும் வெயிலுக்குப் போகாது.”

“அது ஸ்டோர் தாளு. ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது.”

“வெளங்கணும்னு யாரு கேட்டா? பாத்து எழுதப் போறேன்.”

இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூறு வரியையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினார். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் பெட்டியில் குத்துகிற அதே நறுக்கென்ற எழுத்து. இன்ஜினியர் ஓரத்தில் பேனா எழுதுகிறதா என்று பார்க்கக் கிறுக்கியிருந்த சுழியைக்கூட விடவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாஸ்டர் சிப்பே கையில் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை என்று சித்தியிடம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு எல்லாம் வெயிலுக்குப் போயின. தகரக் கூரைமேல் ஒரு சொளகு (முறம்தான்). அதில் தாள்கள், தாள்கள் பறக்காமல் இருக்கக் கல், நடுவில் சிப்பு. “ஜன்னல் பக்கம் மேலே இருக்கட்டும்மா, அப்பத்தான் உள்ளே இருக்கற ஈரம் போகும்” என்று யோசனை சொன்னதும் நான்தான். அம்மா தினமும் காலையில் வைத்து, நிழல் வரும்போது நகர்த்தி, காகம் வந்தால் கம்பால் விரட்டி, சாயங்காலம் பனி இறங்குமுன் எடுத்துவைப்பாள். வடகத்துக்குக்கூட அவள் அவ்வளவு பாடுபட்டதில்லை. இப்படிப் பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலை கங்காணியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்றைக்குத்தான் பக்கத்து ஃபேக்டரிகளின் மேனேஜர்கள் நான்கு பேர் பெட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். என் பேர் பதிகிற உத்தரவும் டைப் அடித்து எங்கள் மேனேஜர் மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்துத்தான் பாக்கி. அதை நானே என் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வாட்டும் தொட்டிகளில் நேற்றைய இலையும் முந்தாநாள் மிச்சமும் நிறைய வாடிக் கிடந்தன.

மேனேஜர் விருந்தாளிகளிடம் சொன்னார்: “நம்ம பையனே பேட்டரி மாத்திருவான், பாருங்க. ராசு, மாத்தத் தெரியும்ல?”

“தெரியும் தொரை.”

எலக்ட்ரீஷியன் வேலையில் நான் கற்ற முதல் விதி ஒன்று உண்டு. மெயினை இறக்காமல் கை வைக்காதே. இன்ஜினியர் சொன்ன விதி அதற்கு நேர் எதிர். இரண்டில் எது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் பார்க்க, படாரென்று மெயினை இறக்கினேன். பழைய பேட்டரியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன் (எதற்குத் துடைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை). புதியதைப் போட்டு மெயினை ஏற்றினேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. மேனேஜர் புன்னகைத்தார். கூடவே மற்ற எல்லா விளக்கும் அணைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஃபிட்டர் பழனிச்சாமி அண்ணன் ரோலர் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ட்ரையர் பட்டனை அமுக்கினார். அதுவும் இல்லை. ஃபேக்டரிக்குள் இருந்த அமைதியில் வெளியே மஞ்சூர் பஸ் மேடேறி முக்குவது கேட்டது.

“என்ன ஆச்சு?” என்றார் மேனேஜர்.

“ஞாபகம் போயிருச்சு தொரை.”

“யாருக்கு?”

“பெட்டிக்கு.”

“அப்ப?”

“மாஸ்டர் இருக்கு தொரை! வீட்ல பத்திரமா இருக்கு!” என்று கத்திவிட்டு லயத்துக்கு ஓடினேன். அரை மைல் ஏற்றம். நான் போனபோது அம்மா கையில் கம்போடு கூரை ஓரமாகக் காவல் நின்றுகொண்டிருந்தாள். சொளகிலிருந்து சிப்பை எடுத்தேன். கையில் சூடாக இருந்தது.

“நல்லா மொறுமொறுன்னு காஞ்சிருச்சுடா தம்பி” என்றாள் பெருமையாக. “இனிமே ஒரு பூஞ்சை அண்டாது.”

திரும்பி ஓடிவந்து செருகினேன். லோடு பட்டனை அமுக்கினேன். கங்காணி அசையவில்லை. எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினேன். மூன்றாவது தடவை சாமியைக் கும்பிட்டுவிட்டுச் செருகினேன். வந்திருந்த மேனேஜர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் இந்த மாதிரி விஷயங்கள் படித்தவர் போலிருக்கிறது. சிப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதுமேல ஸ்டிக்கர் எங்கப்பா?”

“தானா விழுந்துருச்சு சார்.”

“எங்க வச்சிருந்தே?”

“வெயில்ல சார்.”

“எத்தன நாளு?”

“பன்னெண்டு நாளு சார். அம்மா காவலுக்கு இருந்தாங்க சார்.”

அவர் அப்படியே ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “இதுல எழுதினதை அழிக்கணும்னா இந்தக் கண்ணாடி வழியா வெளிச்சம் காட்டித்தான் அழிப்பாங்க. அதுக்குன்னு ஊதா வெளக்கு வச்ச ஒரு பெட்டி விக்கிறாங்க. வெயில்லயும் அந்த வெளிச்சம் இருக்கு. அது படாம இருக்கத்தான் அந்த ஸ்டிக்கர்.”

“ஏன்னா”வுக்குப் பிந்திய வரி நான்கு மாசம் கழித்து வந்து சேர்ந்தது.

இன்ஜினியருக்கு டிரங்க் கால் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. அவர் பம்பாய் போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தாள்களை எடுத்துவரச் சொன்னார் மேனேஜர். மறுபடி ஓடினேன். ஊதா மை எல்லாம் வெளுத்து, பால் வடித்த மாதிரி வெள்ளைத் தாள்களாக இருந்தன. அதையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பக்கத்திலேயே என் உத்தரவு இருந்தது. அதன் மை மட்டும் நல்ல கறுப்பு.

தொட்டிகளில் இலை புளிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வாசனை மேனேஜர் அறைவரைக்கும் வந்தது. எனக்கு அம்மாவின் அடுப்பு மூலை கண்ணுக்குமுன் வந்து போனது. இரண்டு துண்டு ஒயர் போதும். கங்காணியை ஒதுக்கிவிட்டு மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிடலாம். எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இது தெரியும். எனக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரே விஷயமும் இதுதான். ஒயரை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் ஸ்விட்ச்சுக்கு முன்னால் குந்தினேன். பின்னாலேயே வந்த மேனேஜர் வேண்டாம் என்று சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கை வந்து ஸ்விட்ச்சை மூடியது. பழனிச்சாமி அண்ணனின் இடது கை. அவர் காரமடைப் பக்கத்திலிருந்து வந்து பழைய ரோலர் காலத்திலேயே ஃபேக்டரியில் சேர்ந்தவர். ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். “ஒம்பதரை” என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டு சிரிக்கிற மனுஷன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“ஏனப்பா ராசு, இந்த அரை வெரலு எங்க போச்சுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கியா?”

நான் ஒயர் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“கேட்டிருக்க மாட்டே. நான் சொல்ல வந்தாலும் தெரியும்னு சொல்லிப்போட்டுப் போயிருப்பே. மூடி தொறந்து கெடந்துச்சு, கைய உட்டேன். அன்னைக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தா பத்தும் இருந்திருக்கும்.” ஒயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “பாரு, அதுக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. அதனால எனக்குத் தெரியாது, நான் ஓட்ட மாட்டேன்னு கம்முனு நின்னுக்கிச்சு. அந்தத் தகரத்துக்கு இருக்கற புத்தி உனக்கில்லியே கண்ணு.”

மேனேஜர் ஜன்னலிலிருந்து திரும்பினார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்மேலா, அவர்மேலேயா என்று தெரியவில்லை.

“அவரு சொல்றது சரி. ஒயரை வெளிய வீசுங்க. ராசு, கடைசியா கேக்கறேன். இப்ப என்ன பண்றதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

எழுந்து நின்றேன்.

“தெரியாது தொரை.”

நான் இந்தியாவுக்கு வந்து முதன்முதலாகச் சொன்ன “தெரியாது” அதுதான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நான்கு மேனேஜர்களுக்கு முன்னால், மூக்கை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு அழுதேன். (அது பேட்டரி துடைத்த அதே நுனி. முகமெல்லாம் கறுப்பு.)

அப்போதுதான் வாசலில் அப்பா நின்றார். புல்வெட்டப் போன இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார், முழங்கால்வரை மண். அக்குளில் நோட்டு.

“அசல எடுத்துக்கிட்டு ஓடினான்னு இவுங்க அம்மா சொன்னா தொரை. ஆபீசுக்கு அசலக் கொண்டுபோனா நகலையும் கேப்பாங்கன்னு எடுத்துக்கிட்டு வந்தேன்.”

மேனேஜர் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். கண்ணாடிக்காரரிடம் நீட்டினார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கு. ஒரு புள்ளிகூட விடல” என்றார்.

பெட்டியோடு கால்குலேட்டர் மாதிரி ஒரு பட்டன் பலகை கொடுத்திருந்தார்கள். அதுவரை நான் அதைத் துடைக்க மட்டுமே செய்திருந்தேன். கண்ணாடிக்காரர் எப்படி என்று காட்டிக்கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கவிட்டேன். அப்பா தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக, ஏலம் போடுகிற குரலில் படித்தார். நான் அமுக்கினேன். பழனிச்சாமி அண்ணன் முடிந்த வரிக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டார். மத்தியானச் சாப்பாட்டை அம்மா தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். வந்திருந்த மேனேஜர்கள் ஒருவரும் கிளம்பவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கையை யார் விட்டுப்போவார்கள்?

சாயங்காலம் நான்கு மணி சுமாருக்குக் கடைசி வரி முடிந்தது. அப்பா நிறுத்தவில்லை. அதே குரலில், “அசலைப் பார்த்து எழுதிய உண்மை நகல், இப்படிக்கு மாடசாமி” என்றார்.

நான் பட்டனைத் தேடினேன். “தொரை, மாடசாமியையும் அமுக்கணுமா?”

கண்ணாடிக்காரர் இரண்டாவது தடவையாகத் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

ஓட்டிப் பார்க்குமுன் ஒவ்வொரு தடையையும் சோதிக்க வேண்டும் என்றார் ஒம்பதரை அண்ணன். ரோலர் ஓடியது. மூடியை ஒரு அங்குலம் தூக்கினார். டக்கென்று நின்றது. அவர் அந்த அரை விரலால் மூடியை ஒரு தட்டுத் தட்டினார். காற்றாடியை நிறுத்தினோம், அடுப்பு அணைந்தது. கங்காணிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைய தேயிலை மட்டும் கொஞ்சம் புளிப்பாக இறங்கியது. அதை யார் வாங்கிக் குடித்தார்களோ, அவர்களிடம் இந்தக் கட்டுரை மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த உத்தரவை எடுத்தார். என் பேரைக் கோடு போட்டு அடித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. பேனாவை மூடாமல் அப்பாவைப் பார்த்தார்.

“மாடசாமி, மெஷின் ரெக்கார்டு எல்லாத்துக்கும் நகல் எழுதி வைக்க எனக்கு ஒரு ஆளு வேணும். ஃபேக்டரி வேலைதான், புல்வெட்டற வேலை இல்ல. வயசு பத்தி நான் எழுதிக்கறேன். செய்யத் தெரியுமா?”

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். “என்ன எழுதணும்னு தெரியாது தொரை. குடுத்தா எழுதிருவேன்.”

என் பேர் இருந்த இடத்தில் அவர் பேர் ஏறியது. அந்த வாரமே எங்களுக்குக் காம்பரா கிடைத்தது. அம்மா அடுப்பைக் கிழக்கு மூலையில் வைத்தாள். எனக்கு இன்னொரு வருஷம் தற்காலிகம்தான். அந்த ஒரு வருஷமும் “மாடசாமி ஊட்டுப் பையன்” என்றுதான் ஃபேக்டரியில் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா கூலிக்குப் புல்வெட்டுவதைப் பார்த்துக் கூசிய எனக்கு, அவர் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு எனக்கு முன்னால் ஃபேக்டரிக்கு நடப்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை வேறெதிலும் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுதி நகல் எடுத்துவிடுவார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது மறந்தால் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: “யாருடா இவனை வெயில்ல வச்சது?” உப்பு வாங்க மறந்த சித்தி, பரீட்சையில் பாட்டு மறந்த தம்பி மகன், கல்யாண நாளை மறந்த நான், எல்லோரும் வெயிலில் வைக்கப்பட்டவர்களே.

என் மகள் இப்போது கோயம்புத்தூரில் இதே மாதிரிப் பாதுகாப்புப் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். போன மாசம் ஊருக்கு வந்தவள் என் செல்போனை நோண்டிவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, போன்ல இருக்கற எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டேன். இந்த பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, எங்கயும் எழுதியும் வெக்காதீங்க. ஏன்னா…”

“தெரியும்மா” என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “அந்தச் சொளகை எடுத்துட்டு வரட்டுங்களா?”

வாயை மூடிக்கொண்டு மகள் சொன்ன மிச்ச வரியையும் முழுசாகக் கேட்டேன். நல்ல காரணமாகத்தான் இருந்தது. அவள் பஸ் ஏறியதும் அப்பாவின் பழைய நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. பாஸ்வேர்டை நறுக்கென்று எழுதி, கீழே “உண்மை நகல்” என்று கையெழுத்தும் போட்டு, நிழலில் வைத்தேன்.